எழுத்தாணி முதல் கணிப்பொறி வரை

சொல்லிய சொல் காற்றோடு கலந்துவிடும். எழுதிய சொல்லோ எழுதியவன் மறைந்த பின்னும் நிற்கும். அங்ஙனம் நிற்கும் எழுத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அது கருவியின் வரலாறு என்பர் சிலர். கருவியைப் பிடித்த கையின் வரலாறு என்பதே எளியேன் கருத்து. நாம் குடியேறி வாழும் இத் திருவனந்தபுரமும் இதன் சுற்றுப்புறமும் அதற்குச் சான்று பகரும்.

பண்டு நம் முன்னோர் எழுத்தாணி கொண்டு ஓலையில் எழுதினர். நேர்கோட்டை அழுத்தி இழுத்தால் ஓலை கிழியும். ஆகவே எழுத்துகள் வளைந்தன என்பர் அறிஞர். மெய்யெழுத்தின் புள்ளியும் ஓலையைத் துளைக்குமென அஞ்சிப் பெரும்பாலும் விடப்பட்டது. வளைவே வடிவாகக் கொண்ட வட்டெழுத்து, பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் வழங்கிற்று. கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகளில் அதனைக் காணலாம். சோழர் ஆட்சிக்குப் பின் பாண்டிய நாட்டில் அது வழக்கொழிந்தது. வேணாட்டிலோ மேலும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது. இந்நகரின் கோட்டைப் பகுதியில் 2022ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஓலைச்சுவடி அருங்காட்சியகத்திற்குச் சென்றால், இந்நாட்டு ஆட்சியும் கணக்கும் ஓலையிலேயே நடந்ததைக் கண்ணாரக் காணலாம்.

அவ் வட்டெழுத்தை இன்று எழுதுவார் யார்? ‘மனோன்மணீயம்’ தந்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளை இந்நகரின் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். அவர் வட்டெழுத்துக் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, திருவாங்கூரின் பண்டை மன்னர் சிலரைப் பற்றி 1894இல் ஆங்கிலத்தில் நூல் எழுதினார். முன்னாளில் கணக்கரும் எளிதில் எழுதிய எழுத்தைப் படிக்கப் பிற்காலத்தில் ஒரு பேராசிரியர் வேண்டியிருந்தது! கல் தேய்வதனால் மட்டும் எழுத்து இறப்பதில்லை; அதனை எழுதும் கை ஒழியும்பொழுதே இறக்கிறது.

அடுத்து வந்தது அச்சு. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டு நம் அண்டை நகராகிய கொல்லத்தில் வெளிவந்தது. அண்டிரிக் அடிகளார் தமிழாக்கிய 16 பக்கச் சிறு நூல் அது. அச்செழுத்தை வார்த்தவர் அயல்நாட்டார். அவர்களுக்கு மாதிரியாக நின்றதோ இந்நாட்டார் கையெழுத்து. ஈயம் புதிது, வடிவம் பழையது. கையே பொறிக்கு ஆசானாயிற்று.

பின்னர் ஒரு காலம் வந்தது. அப்பொழுது பொறி கைக்கு ஆணையிடத் தொடங்கிற்று. தட்டச்சுப் பொறியில் விசைகள் சிலவே. மலையாளத்தின் கூட்டெழுத்துகளோ பல நூறு. சூரநாடு குஞ்ஞன் பிள்ளை தலைமையிலான குழுவின் வழியில், 1971இல் கேரள அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. கூட்டெழுத்துகள் பல பிரிக்கப்பட்டன. உகரக் குறிகள் எழுத்தினின்றும் தனியே நின்றன. தமிழிலும், பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்தம், கற்பதற்கும் அச்சிடுவதற்கும் எளிமை வேண்டி, 1978இல் எம்.ஜி.ஆர். அரசால் ஏற்கப்பட்டது. ‘லை’, ‘னை’ முதலியவற்றின் மேல் யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்பு மறைந்தது. எளிமை நன்றே. ஆயினும், பொறியால் இயலாது என்ற ஒரே காரணத்தால் ஒரு வடிவத்தை இழத்தல் தகுமா?

இவ் வினாவிற்கு விடை தந்தது கணிப்பொறியே என்பது வியப்பன்றோ! கேரள மொழி நிறுவனத்தில் பணியாற்றிய ஆர். சித்திரஜகுமாரும், கே. எச். ஹுசைன் முதலிய நண்பர்களும் 1999இல் ‘ரசனா அட்சரவேதி’ என்னும் அமைப்பாகக் கூடினர். கணிப்பொறிக்கு விசைப் பஞ்சமில்லை. ஆகவே பழைய எழுத்தைக் கைவிட வேண்டுவதும் இல்லை என்றனர். ஏறத்தாழ 900 வடிவங்களை வரைந்து, பழைய மலையாள எழுத்து முழுவதையும் கணிப்பொறியில் ஏற்றினர். 2022இல் கேரள அரசும் பழைய எழுத்தின் ஒரு பகுதியை மீண்டும் ஏற்க முடிவு செய்தது. ஒரு பொறியின் குறையால் இழந்ததை மற்றொரு பொறி மீட்டுத் தந்தது.

இந்நகரில் வாழும் எழுத்தோவியர் நாராயண பட்டதிரியின் பணியும் ஈண்டு நினைக்கத்தக்கது. ‘கலாகௌமுதி’ வார இதழில் கதைத் தலைப்புகளைக் கையால் எழுதிப் புகழ்பெற்றவர் அவர்; 2021இல் கொரிய நாட்டின் பன்னாட்டு எழுத்தோவியப் பரிசும் பெற்றார். அவர் கையெழுத்தின் அழகு ‘எழுத்து’ என்னும் பெயரிலேயே கணினி எழுத்துருவாகியுள்ளது.

இத்தகைய எழுத்துரு உருவாகும் முறை எளிது போலத் தோன்றும், உழைப்போ பெரிது. முதலில் தூரிகையாலோ பேனாவாலோ தாளில் எழுதுவர். அதனை ஒளிப்படியாக்கித் திரையில் இட்டு, ஒவ்வொரு வளைவையும் புள்ளிகளால் வரையறுப்பர். பின் எழுத்துக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து அமைப்பர். எங்கே கை அழுந்த வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்பதைப் பொறி தானே அறியாது. எழுதிப் பழகியவனே அறிவான்.

புகைவண்டித் துறையில் எழுத்தராக இருப்பவன் யான். நிலையப் பெயர்ப் பலகையின் மஞ்சள் நிலத்தில், கோடு கிழித்து அளவெடுத்துக் கரிய எழுத்தைத் தீட்டும் ஓவியரை நெடுநேரம் நின்று பார்த்ததுண்டு. அத் திறத்தை எத்தனை இளைஞர் இன்று கற்கின்றனர்? நம் இல்லங்களிலோ நிலை இன்னும் கவலைக்குரியது. நம் மக்கள் பள்ளியில் ஆங்கிலமும் மலையாளமும் பயில்கின்றனர்; தமிழ் பேசுகின்றனர்; கைப்பேசியில் ஆங்கில எழுத்தால் தமிழைத் தட்டுகின்றனர். தமிழைக் கையால் எழுதுவாரோ சிலர். வட்டெழுத்திற்கு நேர்ந்தது நம் வீட்டுத் தமிழுக்கும் நேரலாமோ?

ஆதலின் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். முதியோர் எழுதிய கடிதங்களையும் கணக்கேடுகளையும் திரட்டிப் படியெடுத்து வைப்போம். விடுமுறை நாள்களில், எழுத்தழகு அறிந்த பெரியோரையும் கணிப்பொறி அறிந்த இளைஞரையும் ஒரே மேசையில் அமர்த்துவோம். அவர் எழுத, இவர் வரைய, நம் சங்கத்திற்கென ஓர் எழுத்துரு பிறக்கட்டும். அடுத்த ஆண்டு மலரின் அட்டையை அதுவே அணி செய்யட்டும். யாவற்றிற்கும் முன்னே, ஒவ்வோர் இல்லத்திலும் நாளொன்றுக்கு ஒரு பக்கமேனும் குழந்தை தமிழைக் கையால் எழுதட்டும். கை வாழ்ந்தால் எழுத்து வாழும். எழுத்து வாழ்ந்தால் எந்நாட்டிலும் தமிழ் வாழும்.

வாழ்க தமிழ்!