ஜப்பானின் மறைந்துவாழ்ந்த கிறிஸ்தவர்கள்

1614இல் தொக்குகாவா ஆட்சி ஜப்பான் முழுவதும் கிறிஸ்தவத்தைத் தடைசெய்த பிறகு, சுமார் இரண்டரை நூற்றாண்டுகள் நாகசாகி வட்டாரத்துக் குடியானவர்களும் மீனவர்களும் அந்த விசுவாசத்தை ரகசியமாகக் காத்துவந்தனர். நாகசாகியில் 1597இல் சிலுவையில் அறையப்பட்ட 26 பேரையும் 1622இல் கொல்லப்பட்ட 55 பேரையும் திருச்சபை வேதசாட்சிகளாகப் போற்றுகிறது. அது நியாயமே. ஆனால் விசுவாசம் பிழைத்துக்கிடந்தது பெரும்பாலும் சாகாதவர்களின் கையில்தான். நாட்டில் எஞ்சியிருந்த கடைசிக் குருவானவரான கொனிஷி மன்ஷோ 1644இல் கொல்லப்பட்டார். குரு இல்லாமல் பூசையில்லை, பாவசங்கீர்த்தனமும் இல்லை. ஆபத்து வேளையில் யாரும் கொடுக்கலாம் என்று திருச்சபையே அனுமதித்திருந்த ஞானஸ்நானம் மட்டும் மிஞ்சியது. ஊருக்கு ஊர் ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர், திருநாள்களைக் கணித்துச் சொல்ல ஒருவர் என்று பொறுப்புகள் பிரிக்கப்பட்டன. கன்னோன் என்னும் பௌத்த தேவியின் சிலை வீட்டுக்குள் மாதாவாக வணங்கப்பட்டது.

இவர்களை விசுவாசிகள் என்று எப்படிச் சொல்வது என்ற கேள்வி எழும். இயேசு, மாதா உருவம் பொறித்த தகட்டை அதிகாரிகள் முன்னால் மிதித்துக் காட்டவேண்டும் என்பது சட்டம். இவர்கள் ஆண்டுதோறும் மிதித்தார்கள். மேலுக்கு அது மறுதலிப்பே, சந்தேகமில்லை. வீடு திரும்பியபின் அவர்கள் செய்ததையும் கணக்கில் எடுக்கவேண்டும். குரு கிடைக்காத இடத்திலும் உத்தம மனஸ்தாபத்தால் பாவமன்னிப்பு உண்டு என்று கற்பித்த நூலொன்று 1603இல் வெளிவந்திருந்தது. அதன் கையெழுத்துப் பிரதிகளைத் தலைமுறை தலைமுறையாக ஒளித்துவைத்து, மிதித்த பாவத்துக்காக அதிலிருந்த மனஸ்தாபச் செபத்தை ஓதினார்கள். விசுவாசத்தை உண்மையிலேயே கைவிட்டவனுக்கு இந்த மனஸ்தாபம் எதற்கு? உயிர்மேல் கொண்ட ஆசையே இதற்கெல்லாம் காரணம் என்பாருக்கு உரகாமி கிராமமே பதில். 1865 மார்ச் 17 அன்று அவ்வூரார் சிலர் நாகசாகியின் ஓவுரா கோவிலுக்கு வந்து, பிரெஞ்சுக் குருவான பெத்தித்ஷானிடம் தாங்களும் அதே வேதத்தார் என்று மெல்லச் சொன்னார்கள். மாதா சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். இரண்டே ஆண்டுகளில், பௌத்த முறை அடக்கச் சடங்கு வேண்டாம் என்று அவ்வூரார் வெளிப்படையாக மறுத்தனர். அதன் விளைவாக சுமார் 3,400 பேர் நாடு கடத்தப்படுவதுபோல் தொலைதூர மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டனர். 600க்கு மேற்பட்டோர் அங்கே மாண்டனர். 1873இல்தான் தடைப்பலகைகள் அகற்றப்பட்டன. தகட்டை மிதித்தவர்களின் வாரிசுகள் இவர்கள்.

அந்த விசுவாசம் பௌத்தமும் முன்னோர் வழிபாடும் கலந்து திரிந்துபோயிற்று என்ற மற்றொரு வாதம் இதைவிட வலுவானது. அவர்கள் ஓதிவந்த மந்திரங்களின் லத்தீன் சொற்கள் பொருள் மறந்து வெறும் ஒலியாக நின்றது உண்மை. தடை நீங்கிய பிறகும் பலர் கத்தோலிக்கச் சபைக்குத் திரும்பவில்லை. முன்னோர் உயிரைப் பணயம் வைத்துக் காத்த முறையை விடுவது அவர்களுக்குத் துரோகமாகப் பட்டது. கோட்பாட்டை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இவர்கள் தவறியவர்களே. ஆனால் போதகரோ நூலகமோ இல்லாத குடியானவரிடம் அந்த அளவுகோலை மட்டும் நீட்டுவது சரியாகாது. இக்கித்சுக்கி தீவில் சில குடும்பங்கள் அந்த மந்திரங்களை வாய்மொழியாகவே இருபதாம் நூற்றாண்டிலும் ஓதிவந்தன.