ஒரு சொல், இரு பேரேடுகள்: அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய சுவாசச் செயலிழப்பைப் பதிவு செய்த வரலாறு

அறுவை அரங்கில் நோயாளியின் மூச்சை எண்ணி எழுதும் வழக்கம் ஒரு மரணத்தின் நிழலில் பிறந்தது. ஹார்வர்டு மருத்துவ மாணவராயிருந்த ஹார்வி குஷிங் ஈதர் கொடுத்த நோயாளி ஒருவர், வயிற்றிலிருந்து மேலெழுந்த நீர் நுரையீரலுக்குள் புகுந்து இறந்தார். அதன்பின் குஷிங்கும் அவருடைய சக மாணவர் எர்னஸ்ட் கோட்மனும் 1894-இல், பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், மயக்கநிலையில் உள்ளவரின் நாடித்துடிப்பையும் மூச்சையும் தாளில் குறிக்கத் தொடங்கினர். தம் கைப்பிழையைத் தாமே கண்டறிவதற்காக எழுதப்பட்ட ஏடு அது.

கோட்மன் அந்த ஏட்டை மருத்துவமனை முழுவதற்கும் விரித்தார். ஒவ்வொரு நோயாளியையும் பின்தொடர்ந்து சிகிச்சையின் இறுதி விளைவைப் பதிந்து வெளியிட வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 1911-இல் அவர் நிறுவிய சிறு மருத்துவமனையிலிருந்து 1916 வரை வெளியேறிய 337 நோயாளிகளின் சிகிச்சையில் 123 பிழைகளை அவரே அச்சில் ஒப்புக்கொண்டார். மருத்துவர் பிழையையும் எவராலும் தவிர்க்க இயலாத இடரையும் அவர் தனித்தனியே வகைப்படுத்தினார். பின்னர் வந்த கணக்குமுறைகள் தடுமாறியது பெரும்பாலும் இந்த வேறுபாட்டில்தான்.

யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்சனும் உருவாக்கிய நோயறிதல்சார் தொகுப்புமுறை, மருத்துவமனைகளின் செயல்பாட்டை ஒப்பிட்டறியும் கருவியாகவே தொடங்கியது. 1983 அக்டோபரில் அமெரிக்க முதியோர் காப்பீடான மெடிகேர் அதையே கட்டண அடிப்படையாக்கியது. செலவுக்கேற்ப ஈடு செய்வதற்குப் பதிலாக நோய்த்தொகுப்புக்கு முன்கூட்டியே வரையறுத்த தொகை என்பது புதிய விதி. 2007 அக்டோபரில் அத்தொகுப்புகள் நோயின் கடுமைக்கேற்பத் திருத்தப்பட்டபோது, கடும் சுவாசச் செயலிழப்பு பெரும் உடன்சிக்கல்களின் வரிசையில் இடம்பெற்றது. மருத்துவர் எழுதும் அந்த ஒரு தொடர் கட்டணத்தை உயர்த்த வல்லதாயிற்று.

இதற்கிடையில் இன்னொரு பேரேடும் திறக்கப்பட்டிருந்தது. அமெரிக்க அரசின் உடல்நல ஆய்வு மற்றும் தர முகமை 2003-இல் நோயாளி பாதுகாப்புக் குறியீட்டெண்களை வெளியிட்டது. அவற்றுள் பதினொன்றாவது, திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய சுவாசச் செயலிழப்பைப் பற்றியது. நோயறிதல் குறியீடு, மீண்டும் மூச்சுக்குழாய் செருகிய நாள், வென்டிலேட்டரில் இருந்த மணிநேரம் ஆகியவற்றைக் கட்டணத் தரவிலிருந்தே அது திரட்டியது. மேலும் ஆராய வேண்டிய இடத்தைச் சுட்டும் சல்லடையாகவே அது அமைந்தது. ஆனால் மருத்துவமனையில் நேரும் கேடுகளைக் குறைக்கும் திட்டம் 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்து, மிகப் பின்தங்கிய நான்கில் ஒரு பங்கு மருத்துவமனைகளின் மெடிகேர் தொகையில் 1 விழுக்காட்டைப் பிடித்தம் செய்தது. அதன் கூட்டு அளவீட்டில் இந்தப் பதினொன்றாவது எண்ணும் பின்னர் சேர்ந்தது.

இவ்வாறு ஒரே தொடர் ஒரு பேரேட்டில் வரவாகவும் மற்றொன்றில் குற்றமாகவும் பதியப்படலாயிற்று. பெரிய அறுவைக்குப் பின் முன்னெச்சரிக்கையாக ஓரிரவு வென்டிலேட்டரில் வைக்கப்பட்டவரைச் செயலிழப்பு என எழுதினால், நேராத தீங்கு கணக்கில் ஏறும். உண்மையிலேயே மூச்சு தளர்ந்து மீண்டும் குழாய் செருகப்பட்டவரைப் பற்றி மழுப்பி எழுதினால், நேர்ந்த தீங்கு மங்கிவிடும். குறியீட்டு நூலும் இந்த இழுபறியிலிருந்து தப்பவில்லை. செயலிழப்பையும் பற்றாக்குறையையும் வேறுபடுத்தாதிருந்த 518.5 என்னும் குறியீடு 2011 அக்டோபரில் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. செயலிழப்பு தர அளவீட்டில் எண்ணப்பட்டது, பற்றாக்குறை எண்ணப்படவில்லை. 2015 அக்டோபரில் வந்த பத்தாம் பதிப்பு, செயல்முறைக்குப் பிந்தைய கடும் சுவாசச் செயலிழப்புக்கெனத் தனிக் குறியீடு தந்தது. ஆயினும் அறுவைக்குப் பின் நேர்ந்தது என்பதாலேயே ஒன்று அறுவையின் சிக்கலாகிவிடாது. காரணத் தொடர்பை மருத்துவரே எழுத வேண்டும், ஐயமிருந்தால் குறியீட்டாளர் அவரிடம் கேட்க வேண்டும் என்பது விதி. கோட்மன் வகுத்த பழைய வேறுபாடு, குறியீட்டாளர் அனுப்பும் கேள்வித்தாளாகத் திரும்பி வந்தது.

வேறு வழி இருந்ததற்கும் வரலாற்றில் சான்றுண்டு. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 44-இல் 1991-இல் தொடங்கிய அறுவை இடர் ஆய்வு, கட்டணச் சீட்டை நம்பவில்லை. பயிற்சி பெற்ற செவிலியர் நோயாளியின் மருத்துவப் பதிவேட்டையே படித்தனர். எதிர்பாராமல் குழாய் செருகப்பட்டதா, வென்டிலேட்டர் 48 மணி நேரத்தைத் தாண்டியதா என, பார்த்துச் சொல்லக்கூடிய நிகழ்வுகளையே எண்ணினர். அதற்கு ஆளும் நேரமும் பொருளும் வேண்டும். கட்டணத் தரவோ ஏற்கெனவே கைவசம் இருந்தது. மலிவாகக் கிடைத்த சான்றே அளவுகோலாயிற்று.

பிழையை அறிய எழுதப்பட்ட ஏடு, பணத்தை ஈட்டவும் இழக்கவும் காரணமான ஏடாக மாறியபோது, அதை எழுதும் கையும் மாறியது. குறியீடுகள் எவ்வளவு நுட்பமடைந்தாலும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது: மருத்துவர் அந்தச் சொல்லை எழுதும் கணத்தில் யாரை வாசகராக எண்ணுகிறார்? காப்பீட்டாளரையும் மதிப்பீட்டாளரையும் எண்ணி எழுதப்படும் பதிவில் முதலில் மறைந்துபோவது, மூச்சுக்குப் போராடிய நோயாளிக்கு உண்மையில் என்ன நேர்ந்தது என்பதே.