ஊரியும் உருவப்படமும்: விஞ்ஞானச் சித்திரத்தின் சமூக வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

மட்டக்களப்பு வாவியின் 'பாடும் மீன்' இலக்கியத்துக்குப் புதியதன்று. சுவாமி விபுலாநந்தர் தமது யாழ் நூலில் (1947) அவ்வொலியை நீரரமகளிரின் இசையாகக் கண்டார். ஆயின் நாம் இங்கு நோக்கப் புகுவது அவ்வொலியை அன்று. அதனோடு தொடர்புற்ற ஒரு சிறு படத்தையே.

குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது, இரவில் தோணியேறிச் சென்று வாவியின் ஒலியைக் கேட்டார். அது மீனின் ஒலியன்று, ஒருவகை ஊரியின் ஒலியே என மீனவர் அவருக்குக் கூறினர். வறண்ட காலத்தில் நீர் கலங்காதிருக்கும்போதே அது கேட்கும் என்றும், மழைவெள்ளம் வந்ததும் ஓய்ந்துவிடும் என்றும் விளக்கினர். குளிறும் ஊரி என்று பொருள்படும் தமிழ்ப் பெயரையும் அவர் குறித்துக்கொண்டார். அவர் கேட்டபோது உயிருள்ள ஊரிகளைத் தேடிக் கொணர்ந்தவரும் அம்மீனவரே. 1859இல் லண்டனில் வெளிவந்த டெனன்றின் 'இலங்கை' என்ற நூலில் அவ்வூரி வகைகளுள் ஒன்று மரச்செதுக்குப் படமாக இடம்பெற்றது. படத்தின் கீழே லத்தீன் பெயர் நின்றது. கொணர்ந்தவர்களோ 'மீனவர்' என்னும் பொதுச் சொல்லுக்குள் அடங்கிப்போயினர்.

விஞ்ஞானச் சித்திரம் எனப்படுவது இயற்கையின் நேரடியான பிரதிபலிப்பு என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அது ஓர் உற்பத்திப் பொருள். பொருளை அறிந்து கொணர்பவர், வரைபவர், வரைவிப்பவர் என மூவகையினர் அதன் ஆக்கத்தில் ஒன்றுகூடுகின்றனர். இவர்களுக்கிடையேயான உறவு எத்தகையது என்பதே எமது வினா.

ஒல்லாந்தர் காலத்திலேயே இவ்வுறவின் அடிப்படை தெளிவாகத் தெரிகின்றது. 1752 முதல் 1757 வரை தேசாதிபதியாயிருந்த லோட்டன், இலங்கையின் பறவைகளையும் விலங்குகளையும் பீற்றர் டி பெவர் என்பவரைக் கொண்டு வரைவித்தார். டி பெவர் ஒல்லாந்த, உள்நாட்டுக் கலப்பு வழிவந்தவர். அவ்வோவியங்கள் லோட்டனுடன் ஐரோப்பா சென்றன. 1776இல் பீற்றர் பிறவுண் வெளியிட்ட விலங்கியற் பட நூலுக்கு ஆதாரமாயின. இன்று ஒரு தேன்சிட்டு லோட்டனின் பெயரைத் தாங்கிப் பறக்கின்றது. வரைந்த கையின் பெயரை அறிந்தோர் ஆராய்ச்சியாளர் சிலரே.

பிரித்தானியர் ஆட்சியில் இத்தொழில் அரச சம்பள உழைப்பாக நிறுவனமயமாகியது. பேராதனைத் தாவரவியற் பூங்காவில் ஹார்மானிஸ் டி அல்விஸ் 1823 முதல் 1861 வரை, முப்பத்தெட்டு ஆண்டுகள், வரைஞராகப் பணிபுரிந்தார். புதல்வர் வில்லியமும் ஜோர்ஜும் அவரைத் தொடர்ந்தனர். 1880 முதல் 1887 வரை வெளிவந்த மூரின் இலங்கை வண்ணத்துப்பூச்சி நூலுக்கும், 1893இல் தொடங்கிய றைமனின் இலங்கைத் தாவர நூலுக்கும் இக்குடும்பத்தின் சித்திரங்களே அடிப்படையாயின.

வேலையின் இயல்பைச் சற்று விரித்து நோக்குதல் தகும். உலர்த்திய செடி நிறமிழக்கும். சாராயத்தில் இட்ட புழு வெளிறும். எனவே, உயிரும் ஈரமும் உள்ளபோதே வரைதல் வேண்டும். லண்டனில் இருந்த அறிஞரால் செய்ய முடியாத வேலை இது. உள்நாட்டு வரைஞர் இன்றியமையாதவரானமைக்குக் காரணமும் இதுவே. முதலிற் பென்சிற் கோட்டுருவம், பின்னர் வர்ணம், பூவைப் பிரித்து உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ் மகரந்தமும் சூலகமும் தனித்தனியே. ஓரிலையைப் பூச்சி தின்றிருந்தால், ஓவியர் அதனை முழு இலையாகவே வரைவார். ஏனெனில் வரையப்படுவது இந்தச் செடியன்று, இனம். ஆகவே, எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்னும் தீர்மானம் ஒவ்வொரு கோட்டிலும் உண்டு. அது கைவேலை மட்டுமன்று, சிந்தனையுமாகும். ஆயின் படம் கடல் கடந்து அச்சேறியபோது சிந்தனை நூலாசிரியருக்கும் கைவேலை ஊழியருக்கும் எனப் பிரிக்கப்பட்டது.

இதனை இனப்பாகுபாட்டின் விளைவாக மட்டும் கொள்வது பொருந்தாது. 1858இல் லண்டனில் வெளிவந்த கிறேயின் உடற்கூற்று நூலின் 363 படங்களையும் வரைந்தவர் ஹென்றி வண்டைக் காட்டர் என்ற ஆங்கில மருத்துவர். உறுப்புகளின் பெயர்களை உறுப்புகளின் மீதே பொறித்தமை அந்நூலின் பெருஞ்சிறப்பு. நூலின் விற்பனையோடு கிறேயின் வருவாய் வளர்ந்தது. காட்டருக்கோ ஒரே தடவையில் 150 பவுண். தலைப்புப் பக்கத்தின் அச்சுப்படியில் காட்டரின் பதவிப் பெயரைக் கிறே தம் கையாலேயே வெட்டினார். யாழ்ப்பாணத்திற் கிறீன் வைத்தியரின் முயற்சியால் அந்நூல் தமிழ் மாணவரை எட்டியபோது, படைத்தவரின் பெயர் மேலும் தொலைவிற் சென்றுவிட்டது. ஆக, இங்கு முதன்மையானது நிறமன்று; உழைப்புப் பிரிவினையே. குடியேற்றவாதம் அதற்கு நிறத்தையும் சேர்த்தது.

விதிவிலக்குகளும் உள. சென்னையில் றொபேட் வைட் தமது தாவரப் பட நூல்களுக்கு ரங்கையா, கோவிந்து என்னும் ஓவியரை அமர்த்தினார். கோவிந்துவின் பெயரால் ஓர் ஓக்கிட் பேரினத்துக்குப் பெயரும் இட்டார். ஆயின் அப்பேரினம் பின்னர் வேறொன்றனுள் அடக்கப்பட்டமையால் அப்பெயரும் வழக்கொழிந்தது. தனிமனிதரின் நன்றியுணர்வு, அமைப்பின் குறையை நிரப்பப் போதாது என்பதற்கு இது தக்க சான்று.

மீண்டும் வாவிக்கு வருவோம். றைமனின் நூலிலே தாவரங்களுக்குச் சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் தரப்பட்டுள்ளன. பெயர் உண்டெனின், அதனைச் சொன்ன ஒருவரும் உண்டு. காட்டு வழியை அறிந்த வேடரோ, மருந்துக்கு வேர் தேடிய பரிகாரியாரோ, கண்டலிடையே இறால் பிடித்தவரோ அச்சொல்லை வழங்கியிருத்தல் வேண்டும். அச்சொல் எழுத்தாயிற்று, சொன்னவர் எழுத்தாகவில்லை.

பிறரைக் குறைகூறி முடிப்பது எளிது. ஆயின் மட்டக்களப்பின் நாட்டார் பாடல்களையும் கூத்துப் பிரதிகளையும் தொகுத்த எமது துறையும் இதற்குப் புறம்பானதன்று. பாடிய மூதாட்டியும் ஏடு காத்த அண்ணாவியாரும் 'தகவலாளர்' ஆகினர், தொகுத்தவர் ஆசிரியரானார். டெனன்றின் மீனவருக்கு நேர்ந்ததையே நாமும் செய்துள்ளோம். வாவியின் மீனையும் கண்டலையும் படமாக்கும் நூல்களிலும், எமது ஆய்வேடுகளிலும், வரைந்தவர் பெயரோடு சொன்னவர் பெயரும், அவர் விரும்பின், இடம்பெறுதல் வேண்டும். அது உபகாரமன்று, உழைப்புக்குரிய உரிமை.