பால்மரக் கத்தி முதல் செயற்கை நுண்ணறிவு வரை: மலாக்காத் தோட்டத் தமிழரும் நுட்ப மாற்றங்களும்

முன்னுரை

செயற்கை நுண்ணறிவு மனித குலத்தை வாழவைக்குமா, கெடுக்குமா என்று கேட்போர் பெரும்பாலும் வருங்காலத்தையே உற்று நோக்குகின்றனர். மலேசியாவின் மலாக்கா மாநிலத் தோட்டப்புறங்களை அறிந்தவர்கள் அக்கேள்வியைக் கடந்த காலத்திடமும் கேட்க வேண்டும். தோட்டத் தமிழர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல நுட்ப மாற்றங்களைக் கண்டவர்கள். ஒவ்வொன்றும் விளைச்சலைப் பெருக்கியது. அந்தப் பெருக்கம் யார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கத்தி தந்த வேலை

1877இல் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் அங்குள்ள தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் பட்டையை மெல்லச் சீவித் தொடர்ந்து பால் எடுக்கும் முறையை வகுத்தார். அவர் ஊக்கத்தால் வணிகர் டான் சே யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவின் வணிக ரப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம்.

ரிட்லியின் முறைக்கு ஏராளமான கைகள் தேவைப்பட்டன. ஆள்சேர்க்கும் கங்காணிகள் வழியாகவும் 1907இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதியின் உதவியோடும் தமிழகத்துச் சிற்றூர்கள் தோட்டங்களுக்கு இடம்பெயர்ந்தன. இங்கே நுட்பம் வேலையைப் பறிக்கவில்லை; வேலையை உண்டாக்கியது. ஆனால் அந்த வேலையோடு ஒரு கட்டும் வந்தது. லயத்து வீடு, பள்ளி, கோயில், கடை எல்லாமே தோட்டத்து நிலத்தில் இருந்தன. வேலை போனால் கூரையும் போகும் என்ற நிலை அன்றே உருவாகிவிட்டது. பின்னாளில் வந்த துயரங்களுக்கு வேர் இதுதான்.

செம்பனையும் ஒரு வண்டும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கை ரப்பர் சந்தையில் வலுப்பெற்றது. 1960களிலிருந்து பால்மரங்களை அழித்துச் செம்பனை நடுவது வேகமெடுத்தது. விடியுமுன் நிரைக்குப் போய் மரம் சீவியவர்கள் குலை வெட்டவும் உதிரிப்பழம் பொறுக்கவும் மாறினர். அதே பரப்புக்குச் செம்பனை கேட்ட ஆள்பலம் குறைவு.

செம்பனைத் தோட்டத்திலேயே மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. பெண்பூக்களில் மகரந்தத் தூளை மனிதர்களே தூவிவந்த காலம் அது. ஆப்பிரிக்காவின் கேமரூனில் ஒரு சிறு வண்டே அவ்வேலையைச் செய்கிறது என்பதைப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கண்டறிந்தார். 1981இல் அந்த வண்டு ஜொகூரில் விடப்பட்டு நாடு முழுவதும் பரவியது. காய்ப்பு கூடியது, செலவு குறைந்தது, தூள் தூவும் வேலை மறைந்தது. நாட்டுக்கு அது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால், மிச்சமான கூலியில் பங்கு கேட்க அந்த வேலையைச் செய்தவர்களுக்கு வழி இருக்கவில்லை.

உரிமை செய்த வேறுபாடு

இதற்கு முன்பே, 1950களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றபோது, அவை சிறு துண்டுகளாகக் கைமாறின. தோட்டத் துண்டாடலில் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதற்கு விடையாக அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி செலுத்திப் பங்குதாரர் ஆயினர். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. மரமும் கத்தியும் மாறவில்லை. உரிமை மாறியது, அதனால் இலாபத்தின் திசையும் மாறியது.

கணினித் துறையில் இதற்கு இணையான சான்று உண்டு. 1980களில் மலேசியரான முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. நுட்பம் வரட்டும் என்று காத்திராமல் அதைத் தம் மொழிக்கு ஆக்கிக்கொண்ட முயற்சிகள் இவை.

இன்றைய திருப்பம்

இன்று ஆளில்லா வானூர்திகள் எடுக்கும் படங்களைக் கொண்டு கணினி செம்பனைகளை எண்ணுகிறது; குலையின் நிறம் பார்த்துப் பழுத்ததா என்று தரம் பிரிக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. முன்பு தண்டலும் கிராணியும் செய்த கண்காணிப்பும் கணக்கும் இப்போது இயந்திரத்தின் வேலை ஆகின்றன. தோட்டத்தை விட்டு நகரத்துக்குப் போய் அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் அமர்ந்த அடுத்த தலைமுறையின் வேலையையும் இந்த மாற்றம் தொடும்.

மலேசிய அரசு 2024 ஜனவரியில் மக்களுக்கான செயற்கை நுண்ணறிவுப் பாடத்திட்டத்தைத் தொடங்கியது. மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழிலும் அது கிடைக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் தேசியச் செயற்கை நுண்ணறிவு அலுவலகம் திறக்கப்பட்டது. வண்டு வந்தபோது இத்தகைய முன்னறிவிப்பு தொழிலாளருக்குக் கிடைக்கவில்லை. இம்முறை கதவு சற்றுத் திறந்திருக்கிறது.

முடிவுரை

நுட்பத்தின் நன்மை தீமையை அதன் திறன் மட்டும் தீர்மானித்ததில்லை என்பதே மலாக்காத் தோட்டங்களின் வரலாறு தரும் முடிவு. முன்னறிவிப்பு, கல்வி, உரிமை ஆகிய மூன்றும் இருந்த இடத்தில் மாற்றம் மக்களை உயர்த்தியது. இல்லாத இடத்தில் அவர்களைக் கைவிட்டது. ஆகவே தமிழ்ப்பள்ளிகள் செயற்கை நுண்ணறிவுக் கல்வியைத் தமிழிலேயே தொடங்க வேண்டும். தொழிற்சங்கங்கள் இயந்திரம் மிச்சப்படுத்தும் பணத்தில் தொழிலாளர் பங்கைக் கூட்டு ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் நிலத்தை வாங்கியதுபோல் நுட்பத்திலும் முதலிட வேண்டும். மாதம் 10 வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்கிய மக்களுக்கு இது ஆகாத காரியமன்று.