சுருதி நுட்பமும் அவையோர் செவியும்

புதிதாக யாத்த இசையை அவையோர் முன்வைத்து அவர்தம் செவியையே உரைகல்லாகக் கொள்ளும் வழக்கம் தமிழகத்திற்குப் புதிதன்று. அரங்கேற்றம் என்பது அதுவே. நூலாயின் புலவர் வினாவுவர். இசையாயின் செவி வினாவும். இவ்வாராய்ச்சியின் உயர்ந்த நிலையைத் திருத்தொண்டர் புராணத்துள் வரும் திருத்தருமபுர நிகழ்ச்சியிற் காண்கின்றோம்.

தருமபுரம் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த ஊர். ஆண்டிருந்த சுற்றத்தார், ஆளுடைய பிள்ளையாரின் திருப்பதிக இசையை யாழ்ப்பாணர் யாழிலிட்டு வாசித்தலாலேயே அஃது உலகிற் பரவுகின்றது என்று பெருமிதத்தோடு கூறினர். அதுகேட்டு அஞ்சிய யாழ்ப்பாணர், பதிக இசை யாழில் அடங்காமையை யாவரும் உணருமாறு பாடியருள வேண்டும் எனப் பிள்ளையாரை வணங்கி இரந்தார். பிள்ளையார் பாடினார்; யாழ் தொடர மாட்டாதாயிற்று. யாழ்ப்பாணர் அதனை உடைக்க ஓங்கவே, பிள்ளையார் தடுத்து, கருவியில் வந்தவாறே வாசிக்கப் பணித்தருளினார். சுற்றத்தார் கூற்றை மறுத்தது வாதமன்று. அவர்கள் காதே மறுத்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

யாழில் அடங்காதது யாது? யாழினை நரம்பொன்றுக்கு ஓரிசை நிற்கும் கருவியாகக் கொண்டால் விடை எளிது. ஒரு நரம்பிற்கும் அடுத்த நரம்பிற்கும் இடையே குரல் குழைந்து செல்லும் வழி கருவிக்கு இல்லை. அவ்விடைவெளியை அளக்க முன்னோர் வகுத்த அளவே அலகு. குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என ஏழிசைக்கும் 22 அலகு என்பது இசைநூல் வழக்கு. எண் அனைவர்க்கும் தெரியும். அவ்வெண்ணின் ஒலி எது என்பதிலேதான் வழக்கு எழுந்தது.

அவ்வழக்கைப் பேரவைகளுக்குக் கொண்டுசென்றவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். வத்திராயிருப்பிலிருந்து மேற்குமலை அடிவாரமாகத் தெற்கே செல்வார், ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் கடந்து தென்காசிச் சீமையை அடைவர். அச்சீமையைச் சார்ந்த சாம்பவர் வடகரையில் 1859-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். திண்டுக்கல்லிற் பயின்று ஆசிரியராயிருந்தார். வத்திராயிருப்பிற்கு மேற்கே நிற்கும் மலைத்தொடரின் அப்பாலுள்ள சுருளிமலையிற் கருணானந்தர் என்னும் முனிவர்பால் மருந்து முறைகளைப் பெற்றார் என்பர். பின் தஞ்சையில் மருத்துவத்தாற் பெரும்பொருள் ஈட்டினார். சமயத்தாற் கிறித்தவர். ஆயினும் அவர் நூலுக்கு அடிப்படையாக நின்றன இளங்கோவடிகள் வாக்கும் அதன் உரைகளுமே. தமிழிசை ஆராய்ச்சியிற் சமயம் குறுக்கே நின்றதில்லை என்பதற்கு இவரினும் வேறு சான்று வேண்டா.

பண்டிதர் 1912 மே 27-ஆம் நாள் தஞ்சையிற் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, தம் கைப்பொருள் கொண்டே வித்துவான்களை வரவழைத்துப் பலமுறை மாநாடு கூட்டினார். தமிழில் தாமே கீர்த்தனங்கள் யாத்துச் சுரப்படுத்தியவராதலின், அவர்க்கு இஃது ஏட்டுக் கணக்காக நிற்கவில்லை. பாடுவார் குரலிலும் வீணையின் தந்தியிலும் நின்றாலன்றிக் கணக்கு பயனற்றது என்பது அவர் கருத்து.

அவர் கொள்கை இது: தானம் ஒன்றில் 24 அலகு உண்டு, அவை தம்முள் ஒத்தவை. கைக்கிளையிலும் விளரியிலும் ஓரோர் அலகு குறைத்து வழங்கியமையால் 22 என்னும் எண் தோன்றிற்று. பின்வந்தோர் அக்குறைவை மறந்து, தானமே 22 கூறு எனப் பிறழ உணர்ந்தனர். மேலே காட்டிய அலகெண்களுள் அவ்விரண்டு இசைக்கும் நான்கு நான்கு இட்டுக் கூட்டுவார்க்கு 24 வருதல் காண்க. மேலும், தந்தியின் மூன்றில் இரண்டு பங்கிற் பஞ்சமம் கொண்டு, அம்முறையே பன்னிருகால் ஏறிச் சென்றால், தொடங்கிய ஷட்ஜத்திற்குத் திரும்பாமற் சிறிது மிகும். அம்மிகையைப் போக்க ஒத்த பகுப்பே வழி என்றார்.

செவி இதற்கு என்ன சொல்லும்? 32 அங்குலத் தந்தி ஒன்றைக் கொள்க. மூன்றில் இரண்டு பங்கின் பஞ்சமம் 21.333 அங்குலத்தில் நிற்கும். ஒத்த 24 பகுப்பிற் பதினான்காம் அலகு 21.357-இல் நிற்கும். வேறுபாடு ஓரங்குலத்தின் ஏறத்தாழ நாற்பதில் ஒருகூறு. கைதேர்ந்த வித்துவான் காதும் இதனைப் பொறுக்கும். ஆனால் அந்தர காந்தாரத்திற்கு வருக. ஐந்தில் நான்கு பங்கின் காந்தாரம் 25.6 அங்குலம், ஒத்த பகுப்பின் எட்டாம் அலகு 25.398 அங்குலம். இடைவெளி ஓரங்குலத்தில் ஐந்திலொன்று! தம்புராவின் மந்தரத் தந்தியை மீட்டி அமைதியாக உற்றுக்கேட்பார்க்குத் தானே எழும் காந்தாரம் முன்னையது. ஆகவே பண்டிதர் கணக்கு பஞ்சமத்தில் வெல்கின்றது, காந்தாரத்தில் இடர்ப்படுகின்றது. இவ்விடர் சிறிதன்று.

எனினும் அவர் தம் கொள்கையைச் சோதனைக்கு அஞ்சி ஒளித்தாரல்லர். 1916 மார்ச்சு மாதம் பரோடாவில் முதல் அகில இந்திய சங்கீத மாநாடு கூடிற்று. பாத்கண்டே முதலிய வடநாட்டு அறிஞர் பலர் இருந்த அவை அது. 22 சுருதிக் கொள்கையை வலியுறுத்திய தேவலும் கிளெமண்ட்சும் அதற்கெனத் தனி ஆர்மோனியமே செய்வித்திருந்தனர். அத்தகைய அவையிற் பண்டிதர் தம் புதல்வியர் மரகதவல்லி, கனகவல்லி இருவரையும் வீணையோடு பாடச்செய்து தம் அலகுகளைக் காட்டினார். மொழி அறியாதார் முன் இசையே மொழியாயிற்று. அதன் பின்னும் 22 என்பார் தம் கொள்கையை விட்டாரல்லர், பண்டிதரும் சலித்தாரல்லர். 1917-இற் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. மாற்றார் கூற்றை எடுத்துவைத்து விடையிறுக்கும் பகுதிகள் அதன்கண் நெடிது விரிகின்றன. படிப்பார்க்குச் சிலவிடத்து அலுப்புத் தட்டினும், அவையஞ்சாமை அங்கே விளங்குகின்றது. 1919-இற் பண்டிதர் மறைந்தார். இரண்டாம் புத்தகத்தை மரகதவல்லி அம்மையாரே 1946-இல் வெளியிட்டார்.

22 அலகின் பக்கம் நின்று தமிழில் எழுந்த பெருநூல், ஈழத்துக் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளின் யாழ்நூல். பதினான்கு ஆண்டு உழைப்பின் பயன் அது. அதனுள் தேவாரவியல் என ஓரியல் அமைத்தமை சைவவுலகம் மறத்தற்கரியது. கரந்தைத் தமிழ்ச் சங்கச் சார்பில் 1947 சூன் 5, 6 ஆகிய நாட்களில், பிள்ளையார் ஓடம் செலுத்திய திருக்கொள்ளம்பூதூரில் அந்நூல் அரங்கேறிற்று. நூலை மட்டும் படித்து அமைந்தாரல்லர். அடிகள் கணித்தவாறு செய்த யாழ்களையும் கொணர்ந்து அவையோர் கேட்க வாசித்தனர். நூற்றாண்டுகள் வாய்மூடிக் கிடந்த கருவி பேசக்கேட்ட அந்நாளைப் பேறு என்னாது வேறென் என்பது? அடிகளோ நோயுற்றிருந்தார். அதே ஆண்டு சூலை 19-இல் இறைவன் திருவடி சேர்ந்தார். கேட்டோர் எழுப்பும் ஐயங்களுக்கு விடைபகர அவருக்குக் கிடைத்த காலம் ஆறு வாரமே.

மறுப்பு விரைவில் வந்தது. வந்ததும் பண்டிதர் மனையிலிருந்தே. அவர் மகனார் வரகுணபாண்டியன் 1950-இற் ‘பாணர் கைவழி எனப்படும் யாழ்நூல்’ வெளியிட்டு, பாணர் கையிலிருந்த யாழ் அடிகள் கண்ட வடிவினதன்று, வீணை இனத்ததே என வழக்காடினார். அது மெய்யாயின் நரம்பொன்றுக்கு ஓரிசை என்னும் விளக்கம் நில்லாது; தருமபுரத்தில் யாழ் தோற்றது எதனால் என்பதற்கு வேறு காரணம் தேடல் வேண்டும். அப்பதிகத்தை இன்று ஓதுவார்கள் அடாணா இராகத்திற் பாடுகின்றனர். அவ்விராகத்தின் காந்தாரமும் தைவதமும் ஒருநிலையில் நில்லாது குழைவன என்பதைப் பாடுவாரைக் கேட்டு அறிக.