சுற்றுச்சூழல் அதிகாரி வேலை: எஸ்பிஏ தேர்வுக்கு எதைப் படிப்பது?

சுற்றுச்சூழல் அறிவியல், வேதியியல் போன்ற துறைகளில் பட்டம் முடித்த நம் பிள்ளைகள் குறிவைக்க வேண்டிய அரசாங்கப் பதவிகளுள் ஒன்று, சுற்றுச்சூழல் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரி பதவி. முன்பு சி41 என்றிருந்த இந்தப் பட்டதாரி நிலை, 2024 டிசம்பரில் புதிய ஊதிய முறை வந்தபின் சி9 ஆனது. ஆள் எடுப்பது பொதுச் சேவை ஆணையமான எஸ்பிஏ.

முதலில் இரண்டு விஷயங்களைச் சரிபார்த்துக் கொள்ளுங்கள். எஸ்பிஏ9 இணையப் பதிவு ஓராண்டுக்குத்தான் செல்லும். பதிந்துவிட்டோம், கூப்பிடுவார்கள் என்று இருந்துவிடக் கூடாது. அடுத்தது, எஸ்பிஎம் மலாய்மொழியில் கிரெடிட். கையில் பட்டம் இருந்தாலும் இது இல்லாமல் நியமனம் கிடைக்காது. கிரெடிட் இல்லாதவர்கள் அந்தத் தாளை மட்டும் மறுபடி எழுதலாம்.

எழுத்துத் தேர்வில் வழக்கமாகப் பொது அறிவு, சிக்கல் தீர்க்கும் திறன், ஆங்கில வாசிப்பு ஆகியவை சோதிக்கப்படும். அழைப்பில் உள்ள விவரத்தைப் பார்த்துப் பயிற்சி செய்தால் போதும். துறை அறிவு உரசிப் பார்க்கப்படுவது நேர்முகத் தேர்வில்தான். பல்கலைக்கழகப் பாடநூலை மட்டும் நம்பிப் போனால் அங்கே திணற வேண்டியிருக்கும். காரணம், இந்த அதிகாரியின் அன்றாட வேலை சட்டத்தை அமல்படுத்துவது.

எனவே 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் (சட்டம் 127) தொடங்குங்கள். 2024 திருத்தத்தில் உச்ச அபராதம் 1 கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது. பிறகு அதன் கீழுள்ள விதிமுறைகள். 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளில், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்புறம் விடப்படும் நீருக்கு ‘ஏ’ தரம்: பிஓடி லிட்டருக்கு 20 மில்லிகிராம். மற்ற இடங்களுக்கு ‘பி’ தரம். பட்டியலிடப்பட்ட கழிவுகளை 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்கக் கூடாது என்பது 2005 விதி.

செம்பனை ஆலைகளுக்குத் தனியாக 1977 விதிமுறை உண்டு. இதை ஊன்றிப் படியுங்கள். ஆலைக்குப் பின்னால் குமிழ் விடும் கறுப்புக் குட்டையின் வாடை தோட்டத்துப் பிள்ளைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கழிவின் பிஓடி, சுத்திகரிப்புக்கு முன் சுமார் 25,000. ஆற்றில் விடுவதற்கான வரம்பு 1978இல் 5,000. படிப்படியாகக் குறைந்து 1984இல் 100 ஆனது. மற்றத் தொழிற்சாலைகளுக்கு பிஓடி 20 பாகையில் 5 நாள் வைத்து அளக்கப்படும். செம்பனைக் கழிவுக்கு 30 பாகையில் 3 நாள். நம் வெப்பத்தில் கிருமிகள் வேகமாக வேலை செய்வதால் நாள் குறைகிறது. காரணத்தோடு இதைச் சொல்பவரை மனப்பாடக்காரர் என்று யாரும் ஒதுக்க முடியாது.

ஆற்று நீர்த் தரக் குறியீட்டின் ஆறு அளவைகளும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டின் படிநிலைகளும் விரல்நுனியில் இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்றது, 300ஐத் தாண்டினால் அபாயகரம். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அது 500ஐத் தாண்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டது.

2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகள் மூடப்பட்டதையும் ஒரு வழக்காக எடுத்துப் படியுங்கள். எந்த விதி மீறப்பட்டது? அதிகாரி முதலில் என்ன செய்ய வேண்டும்? நீர் மாதிரியை முறைப்படி எடுத்து, முத்திரையிட்டு, அது கைமாறிய ஒவ்வொரு இடத்தையும் எழுதி, இரசாயனத் துறைக்கு அனுப்ப வேண்டும். இதில் ஓட்டை இருந்தால் நீதிமன்றத்தில் வழக்கு நிற்காது.

பதிலை மலாயில் சொல்லிப் பழகுவது முக்கியம். ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு ‘புவாங்கான் தெர்ஜாடுவால்’, ‘பெஞ்செமாரான்’ போன்ற சொற்கள் நேரத்தில் வாயில் வராது. வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்துப் பேசிப் பாருங்கள், அம்மாவே போதும்.

பதவி உடனே கிடைக்காவிட்டாலும் இதே விதிமுறைகள் தனியார் துறையில் உதவும். ஆலைகளும் தொழிற்சாலைகளும் கழிவு நிர்வாகத்துக்குத் தகுதிச் சான்று பெற்றவரை வைத்திருக்கச் சட்டம் கோருகிறது. அந்தச் சான்றுக்கான பயிற்சியை பாங்கியில் உள்ள மலேசிய சுற்றுச்சூழல் கழகமான எய்மாஸ் நடத்துகிறது.