பட்டன் போனிலிருந்து டச் போனுக்கு: ஸ்ரீபெரும்புதூர் கொடுத்த விலை

புது ஸ்மார்ட்போனுக்கு மாறுவதன் 'மறைமுகச் செலவுகள்' என்று பத்திரிகைகள் அவ்வப்போது பட்டியல் போடுகின்றன. பேக் கவர் வாங்கணும், டெம்பர் கிளாஸ் ஒட்டணும், பெட்டிக்குள் சார்ஜர் இருக்காது, படங்களைச் சேமிக்க மாதவாடகைக்கு இடம் பிடிக்கணும். எல்லாம் சரிதான். ஆனால் இந்தக் கணக்கில் செலவாளி ஒரே ஒருவர், வாங்குகிறவர். செய்கிறவர் அதில் வருவதே இல்லை. பண்ட வழிபாடு என்று மார்க்ஸ் சொன்னது இதைத்தான். ஒரு சமூகம் முழுக்கப் பட்டன் போனிலிருந்து டச் போனுக்கு மாறியபோது அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்டால், சென்னையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீபெரும்புதூருக்குப் போக வேண்டியிருக்கிறது.

2005 ஏப்ரலில் தமிழக அரசும் நோக்கியாவும் ஒப்பந்தம் போட்டன. 2006 தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பமாகியது. சிப்காட் நிலம், சிறப்புப் பொருளாதார மண்டலம் என்கிற தகுதி, கட்டிய விற்பனை வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடு என அரசு தாராளமாகக் கொடுத்தது. சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். முதலில் 'பயிற்சியாளர்', அப்புறம்தான் தொழிலாளி. அங்கே நேரடியாக வேலை பார்த்தவர்கள் ஒரு கட்டத்தில் எட்டாயிரம் பேரளவுக்கு இருந்தார்கள். ஆப்பிரிக்கா வரைக்கும் போன அந்த மலிவான பட்டன் போன்கள் இவர்கள் கைபட்டவை. 2010-இல் இளம்பெண் ஒருவர் எந்திரத்தில் சிக்கி இறந்தார். 'வெற்றிக் கதை' என்று வர்ணித்தவர்கள் அதை ஓரத்துச் செய்தியாக்கிக் கடந்துபோனார்கள்.

2007-இல் ஐபோன் வந்தது, அடுத்த வருஷம் ஆண்ட்ராய்ட். 2011 பிப்ரவரியில் நோக்கியா தன் சிம்பியனைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் கையைப் பிடித்தது. 2013 செப்டம்பரில் போன் தொழிலையே அதனிடம் விற்பதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில் கைமாற்றம் முடிந்தபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அதில் சேரவில்லை. வரி வழக்கு. மென்பொருளுக்காக ஃபின்லாந்துத் தாய்நிறுவனத்துக்கு அனுப்பிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று வருமான வரித்துறை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டிருந்தது. ஏற்றுமதி என்று காட்டிய போன்களை உள்நாட்டிலேயே விற்றதாகச் சொல்லி மாநில அரசு 2,400 கோடி கேட்டது. மைக்ரோசாஃப்டுக்காக ஒப்பந்தத்தில் போன் செய்து கொஞ்சகாலம் ஓடிய ஆலை, 2014 நவம்பர் 1-ஆம் தேதி நின்றது.

'வரி பயங்கரவாதம்தான் ஆலையைக் கொன்றது' என்ற சொல்லாடல் இங்கிருந்து கிளம்பியது. அதை இன்றைக்கும் ஒப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது பாதிக்கதையாகவே படுகிறது. நோக்கியாவின் பிற ஆலைகளைப் பாருங்கள். ஜெர்மனியின் போஹும் ஆலையை 2008-இல் மூடினார்கள். உற்பத்தி மலிவான கூலிக்கு ரொமானியாவின் க்ளூஜுக்குப் போனது. கொடுத்த மானியத்தைத் திருப்பிக் கொடு என்று அங்கத்திய மாநில அரசு மல்லுக்கு நின்றது. க்ளூஜ் ஆலை நாலு வருஷம்கூட முழுசாகத் தாங்கவில்லை, 2011-இல் மூடல். ஃபின்லாந்திலேயே, சொந்த வீட்டிலேயே, சாலோ ஆலையில் உற்பத்தி 2012-இல் நின்றது. ஹங்கேரியின் கொமாரொம் ஆலையை வாங்கிக்கொண்ட மைக்ரோசாஃப்ட், 2014 ஜூலையில் அதையும் மூடுவதாக அறிவித்தது. இந்த ஊர்களில் எல்லாம் நம் வருமான வரித்துறையா போய் ரெய்டு நடத்தியது? வழக்கு ஸ்ரீபெரும்புதூரில் சாவின் தேதியைக் குறித்திருக்கலாம். சாவு ஏற்கெனவே சந்தையில் முடிவாகியிருந்தது.

மூலதனம் தன் நஷ்டத்துக்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறது. 2015 ஜூலையில் மைக்ரோசாஃப்ட், இந்தப் போன் தொழில் சம்பந்தமாக 760 கோடி டாலரை மதிப்பிழப்பு என்று ஏட்டில் எழுதித் தள்ளுபடி செய்தது. எழுதியாச்சு, முடிஞ்சது. ஸ்ரீபெரும்புதூரில் 2014 கோடையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளர்கள் 'விருப்ப ஓய்வு' வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். தமிழ் படித்தவன் என்பதால் இந்தச் சொல்லில் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். பெரும்பாலோர் முப்பதைத் தாண்டாதவர்கள். அந்த வயதில் என்ன ஓய்வு? ஆலை ஓடுமா என்றே தெரியாத நிலையில் போட்ட கையெழுத்தில் என்ன விருப்பம்? பயிற்சியாளர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் அந்தச் சொல்கூடக் கிடைக்கவில்லை. நோக்கியாவை நம்பி அதே வளாகத்தில் உதிரிபாகம் செய்த ஃபாக்ஸ்கானும் அந்த டிசம்பரில் வேலையை நிறுத்தியது.

பழைய போனிலிருக்கும் நம்பர்கள் அரைமணியில் புதுப் போனுக்கு ஏறிவிடுகின்றன. எட்டு வருஷ சர்வீஸ் எந்தப் புது ஆலைக்கும் ஏறவில்லை.

பிறகு டச் போன் அதே சாலைக்கு வந்தது. நோக்கியாவின் கொட்டகையை சால்காம்ப் வாங்கி, 2020-இல் சார்ஜர் தயாரிக்க இறங்கியது. முழுப் போன் பிறந்த இடத்தில் இப்போது அதன் வால். (அதே வருஷம் அக்டோபரில் ஆப்பிள் தன் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டது வேறு விஷயம்.) சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் கோக்கிறது. 2021 டிசம்பரில் அதன் விடுதியொன்றில் சாப்பாடு கெட்டுப்போய் 159 பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். கூட வேலைசெய்கிற பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை கிட்டத்தட்ட நாலு வாரம் மூடிக்கிடந்தது. விடுதியில் பெண்கள் எப்படித் தூங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்பது அந்த மறியலுக்குப் பிறகுதான் செய்தியாயிற்று.

இவர்கள் புதுத் தலைமுறை. நோக்கியாவில் கைதேர்ந்த அந்தப் பெண்கள் ஏன் இங்கே வரவில்லை என்று கேட்கலாம். ஐபோன் கோக்கும் வேலைக்குக் கல்யாணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஒதுக்குகிறது என்று ராய்ட்டர்ஸ் 2024 ஜூனில் விசாரித்து எழுதியது. பாகுபாடு காட்டவில்லை என்று நிறுவனம் மறுத்தது. 2006-இல் பதினெட்டு வயதில் நோக்கியாவின் வரிசையில் வந்து நின்ற பெண்ணுக்கு அந்த ஜூனில் வயது முப்பத்தாறு.